எல்பியோ டெச்சேராவின் நாக்கு

பைசாந்தூ நகரத்தில் நாங்கள் வேலை பார்த்த இறைச்சிக் கடையில் சொரீசோ போடுவது எல்பியோ டெச்சேராதான். பன்றியும் மாடும் கலந்து அரைத்து, பூண்டும் உப்பும் சேர்த்து, குடலில் அடைப்பதற்கு முன்னால் ஒரு விள்ளலை வாணலியில் வாட்டி வாயில் போடுவான். ஒரு சிட்டிகை கூடக்குறைய இருந்தாலும் அவன் நாக்கு சொல்லிவிடும். இருபத்திரண்டு வருஷம் அந்த நாக்கை நம்பித்தான் கடை ஓடியது.

காலை பத்து மணிக்கு மாத்தே இலைத் தேநீர் ஒரே குடுவையில் சுற்றில் வரும். ஒரே குழலில் எல்லோரும் உறிஞ்சுவோம். ஒருநாள் எல்பியோ குடித்துக் கொடுத்ததும், எலும்பு வெட்டுகிற நீபர் குழலைச் சட்டையில் துடைத்தான்.

"என்னய்யா துடைக்கிற?" என்றேன்.

"பின்ன? இவன் வாயைத் தொறந்தா, குளிர்ப்பெட்டி கெட்டுப்போச்சோன்னு பயமா இருக்கு."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். எல்பியோ சிரிக்கவில்லை.

வீட்டுக்குப் போய் மனைவி ஒஃபேலியாவிடம் கேட்டிருக்கிறான். "என் வாய் நாறுதா?"

அவள் உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை. "இப்பவா கேக்குற? பதினோரு வருஷமா அப்படித்தான்."

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது எல்பியோ? மனசு வரல."

பல் டாக்டர் இர்மா கொரேயா அவன் அடிநாக்கைப் பஞ்சால் வழித்துக் காட்டினார். மஞ்சளாக, பிசின் மாதிரி இருந்ததாம். "பல்லுல ஒண்ணும் இல்ல. கிருமி எல்லாம் இதுலதான் குடியிருக்கு. தினமும் நாக்கை வழிங்க. இந்த மருந்துல ரெண்டு வேளை கொப்பளிங்க. ரெண்டே வாரம், அதுக்கு மேல வேண்டாம்."

பத்தே நாளில் நாற்றம் போய்விட்டது. நானே சாட்சி. ஒஃபேலியா அவன் முகத்தோடு முகம் வைத்துச் சொன்னாள், "நாத்தம் சுத்தமா இல்ல. போதும், நிறுத்திடு."

அவன் நிறுத்தவில்லை. ஒரு மருந்துக் கடையில் கேள்வி கேட்டால் அடுத்த கடைக்குப் போனான். பாட்டிலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாளுக்கு ஆறு முறை கொப்பளித்தான். பற்களில் காப்பிக் கறை மாதிரி படிந்தது. நாக்கு பழுப்பானது. பேசும்போது வாயைக் கையால் மூடினான். மாத்தே சுற்றுக்கு வருவதையே விட்டான்.

"நாத்தம் இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது? நம்ப மாட்டியா?" என்று ஒஃபேலியா ஒருநாள் எங்கள் முன்னாலேயே கத்தினாள்.

கையை எடுக்காமலே அவன் சொன்னான், "பதினோரு வருஷம் சொல்லாம இருந்தவதானே நீ?"



குளிர்காலத்தில் வாங்கியவர்கள் சொரீசோவைத் திருப்பிக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். வாயில் வைக்க முடியவில்லை, கடல் தண்ணீர் என்றார்கள். அந்த மருந்து அவன் நாக்கிலிருந்து உப்புச் சுவையை எடுத்துவிட்டிருந்தது. வாட்டிய விள்ளலில் உப்பே தெரியாமல் அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறான். முதலாளி அவனைக் கூப்பிட்டு அதிகம் பேசவில்லை. மறுநாள் முதல் அவனுக்குத் தட்டும் தரையும் கழுவுகிற வேலை. கலவைத் தொட்டி நீபரிடம் போனது.

அதன்பிறகுதான் அவன் டாக்டரிடம் திரும்பிப் போனான். அவர் பாட்டிலைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார். "இது கிருமியைக் குறைக்கும். உங்க பயத்தைக் குறைக்காது. நாக்கு வழிச்சாலே போதும். சுவை திரும்பிடும்." அவர் சொன்னபடியே மூன்று வாரத்தில் உப்பு தெரிந்தது. தொட்டி மட்டும் அவனுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

வாய் நாறுமோ என்கிற பயம் போகாமல் அவன் கூடத்து சோபாவில் தனியாகப் படுக்கத் தொடங்கி ஆறு மாதம் ஆனதும் ஒஃபேலியா சால்தோவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை எதுவும் போடவில்லை. கிளம்பும்போது முத்தம் கொடுக்க நெருங்கியவளுக்கு அவன் கன்னத்தைக்கூடத் திருப்பவில்லை, ஒதுங்கி நின்றான்.

இப்போது ஞாயிறுதோறும் போனில் ஒரு மணி நேரம் பேசுகிறார்கள். மழை, மழைக்கு ஒழுகுகிற கூரை, தங்கையின் நாய் என்று எல்லாம் பேசுகிறானாம். சேர்ந்து இருந்தபோது அவன் இவ்வளவு பேசியதே இல்லை என்று ஒஃபேலியா என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். வந்துவிடு என்று மட்டும் அவன் இதுவரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.