தண்ணீர் வந்த அடி

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி ஒன்றுக்கு, துளையிடும் ராடு இறங்க இறங்க ஆழத்தைப் பதிந்துவைக்கும் சிறு கருவி செய்துகொடுத்தேன். பதிவுகளைச் சேமிக்க அதற்குள் ஒரு குட்டி எஸ்க்யூஎல் டேட்டாபேஸ் லைப்ரரி. ஒவ்வொரு பதிவும் மெமரி கார்டில் ஏறும்வரை அது காத்திருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் காத்திருப்பை நீக்கி, நிரலை மறுபடி கம்பைல் செய்தேன். வேகத்தைப் பார்த்து நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

அடுத்த வாரம் திருச்செங்கோட்டிலிருந்து ரிக்காரர் போன் செய்தார். "எல்லாம் இருக்குதுங்க. தண்ணி வந்த அடி மட்டும் எந்தப் போர்லயும் காணோமுங்க."

தண்ணீர் கிடைத்ததும் அவருடைய ஆட்கள் பேட்டரி சுவிட்சை அணைத்துவிடுவார்கள். காத்திருப்பை நான் எடுத்துவிட்டதால், கடைசிப் பதிவு அதற்குள் கார்டுக்குப் போயிருக்காது.

பழையபடி மாற்றிக் கொடுத்தேன். "இனிமேல் ஒவ்வொரு பதிவுக்கும் அரை நொடி ஆகுமுங்க" என்றேன்.

"ஒரு ராடு மாத்தவே அஞ்சு நிமிசமாவுது. உங்களுக்கு என்னங்க அவ்வளவு அவசரம்?" என்றார்.