இடைவேளையில் நான் சொன்ன தீர்ப்பு

ஆகஸ்ட் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு இடைவேளை விட்டார்கள். விருத்தாசலத்தில் நடந்த அந்தக் கால்பந்து ஆட்டத்தில் எங்கள் பெண்கள் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தது. அந்தக் கோலை விட்ட கோல்கீப்பர், கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கும் நான்.

எங்கள் முன்கள ஆட்டக்காரி பீங்கான் பொம்மை யூனிட்டில் அரைநாள் வேலை பார்ப்பவள். பயிற்சிக்குத் தாமதமாக வருவாள். கேட்டால் எதிர்த்துப் பேசுவாள். ஆனாலும் கோச் அவளை ஒருமுறைகூட வெளியே உட்கார வைத்ததில்லை. அவருக்கு ஆட்களை நடத்தத் தெரியாது என்று நான் எப்போதோ முடிவுகட்டியிருந்தேன். அன்று பந்தைப் பறிகொடுத்தவள் அவள். திரும்பி ஓடிவரவும் இல்லை. கோல் விழுந்ததும் என்னைப் பார்த்து, "ஏய் இலக்கியம், ஆளு வந்தா கத்துடி! மனசுக்குள்ளயே செய்யுள் ஒப்பிச்சிக்கினு நிக்கிற!" என்றாள். எதிரணிப் பெண்களும் சிரித்தார்கள்.

இடைவேளையில் கோச் என்னிடம் வந்தார். "நீ என்னம்மா சொல்ற? அவள மாத்திடலாமா?"

"நல்லா ஆடுறவளுக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமா, சார்?"

அவளுடைய குறைகளை ஒவ்வொன்றாக, நிதானமாகச் சொன்னேன். சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதில் பாதி அந்தச் சிரிப்புக்கு நான் கொடுத்த பதில் என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும். கோச் சற்றுத் தயங்கிவிட்டு அவளை உட்காரச் சொன்னார்.

இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அவளுடைய அப்பா வண்டியில் வந்து இறங்கினார். மகள் ஓரமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"குந்திக்கினு இருக்கவா அனுப்புனேன்? ஏறு வண்டியில."

யாருக்கும் அடங்காதவள் உடனே எழுந்து போய் ஏறினாள்.

அவள் இல்லாமலே இரண்டு கோல் போட்டு ஜெயித்தோம். வாழ்த்து வாங்க நான் கோச்சிடம் போனேன் என்பதை எழுதக் கூசுகிறது. அவர் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"ஆட்டத்துல எறங்குறவரைக்கும்தான் அனுப்புவேன், உக்கார வெச்சா மறுநாளே யூனிட்டுல முழு ஷிஃப்டுன்னு அவங்கப்பா சொல்லியிருந்தாரும்மா. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு அந்தப் பொண்ணு கேட்டுக்கிச்சி."

"எனக்குத் தெரியாதே, சார்."

"உனக்கு எப்படித் தெரியும்? தெரிஞ்ச நான் உன்கிட்ட கேட்டேன் பாரு, அது என் தப்பு."

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலை கல்லூரிக்குப் போகாமல் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் சாப்பாட்டுத் தூக்கோடு யூனிட்டுக்குக் கிளம்பி நின்றாள். நேற்று அவளை வெளியேற்றச் சொன்னது நான் என்று அவள் எதிரிலேயே அப்பாவிடம் சொன்னேன். "அதெல்லாம் முடிஞ்சி போச்சும்மா, நீ கெளம்பு" என்றார். நான் கிளம்பவில்லை. அவள் கேலி செய்ததையும், அதனால் எனக்கு வந்த கோபத்தையும் சேர்த்து, அவரிடம் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.