கிள்ளானிலிருந்து பேரிகைக்கு: ரோஜா வெட்டுகிற வாரத்தில் அம்மாவும் அப்பாவும்

நான் மலேசியாவில் கிள்ளான்காரி. ஓசூர் பக்கத்தில் ஒரு கல்லூரியில் தோட்டக்கலை படிக்கிறேன். முதல் ஆண்டு தொடங்கியதிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி, பேரிகையில் ஒரு ரோஜாத் தோட்டக்காரர் வீட்டில் தங்கியிருக்கிறேன். முனிராஜ் மாமா, அவர் மனைவி ரத்னம்மா அத்தை. அவர்களுக்குள் தெலுங்கு, என்னோடு தமிழ், பூ வாங்க வருகிற பெங்களூர்க்காரர்களோடு கன்னடம்.

அம்மாவுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவே இல்லை. "முன்னபின்ன தெரியாதவங்க வீட்டுல எதுக்கு? நேர்ல வந்து பாக்குறேன். சரியில்லன்னா ரெண்டாவது வருஷம் ஹாஸ்டல்தான்" என்று போனிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தரம் பார்க்கிறவர். எதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை தேடுவதுதான் அவர் வேலை. என்னையும் அப்படித்தான் வளர்த்தார். எனக்கோ இந்த வீட்டை விட்டுப் போக மனமே இல்லை.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒன்றாக லீவு கிடைப்பது சீனப் பெருநாளுக்குத்தான், அதாவது சீனப் புத்தாண்டுக்கு. அந்த முறை அது ஜனவரிக் கடைசியில் வந்தது. டிக்கெட் போட்ட பிறகுதான் அத்தையிடம் சொன்னேன். அத்தை சுவர்க் காலண்டரைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "வரட்டும் கண்ணு" என்றார். காதலர் தினத்துக்கு வெளிநாடு போகிற ரோஜாவை வெட்டுவதே அந்த வாரத்தில்தான். தோட்டக்கலை படிக்கிறவளுக்கு அது உறைக்கவில்லை! மாமா இதை இன்றுவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார்.

கோலாலம்பூரிலிருந்து பெங்களூருக்கு விமானத்தில் நாலு மணி நேரம். காலை 9.40க்கு இறங்கினார்கள், நான் போய்க் காத்திருந்தேன். 10.45க்கு டாக்ஸி எடுத்தோம், பேரிகை வரை 3,600 ரூபாய். நகரத்தைத் தாண்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தமிழ்நாட்டுக்குள் நுழைகிற அத்திப்பள்ளி எல்லையில் டிரைவர் வண்டியை ஓரம் கட்டியதும் அப்பா இடுப்புப் பையைத் திறந்து இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்து நீட்டினார். டிரைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உள்ள வைங்க சார். பர்மிட்டு உங்களுக்கில்ல, வண்டிக்கு" என்றார்.

ஓசூர், பாகலூர் வழியாக 2.15க்குப் பேரிகை. வீடு பூட்டிக் கிடந்தது. அம்மா பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாய்விட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

பின்னால் பூ கட்டுகிற ஷெட்டில் எல்லாரும் இருந்தார்கள். மேசை முழுக்க ரோஜா, தரை முழுக்க இலை. அத்தை ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"வாங்கக்கா, வாங்கண்ணா. தப்பா நெனச்சிக்காதீங்க. ஆறு மணிக்கு லாரி வந்துரும். இன்னும் அடுப்புகூட பத்த வெக்கல. சித்த இப்பிடி குந்துங்க."

பட்டுப்புடவையோடு அம்மா கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் உட்கார்ந்தார். என் ஹாஸ்டல் அறை எண்கூட எனக்குத் தெரிந்துவிட்டதுபோல் இருந்தது. பத்து நிமிடம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று எழுந்து கட்டி முடித்த ஒரு பூக்கட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார்.

"இது போகாது" என்று ரப்பர் பேண்டைக் கழற்றி ஒரு பூவை உருவினார். கழுத்து லேசாக வளைந்திருந்தது. அடுத்த கட்டில், இதழோரம் கறுத்த ஒன்று.

"அம்மா!" என்றேன். அத்தை அந்தப் பூவை வாங்கிப் பார்த்தார்.

"மெய்தான்க்கா. நான் கட்டினதுதான். விடியக்காலம் நாலு மணிலேர்ந்து நிக்கறேன், கண்ணு பூத்துப்போச்சு." கொடியில் கிடந்த ஏப்ரனை எடுத்து நீட்டினார். "நாப்பது சென்டிமீட்டர், அம்பது, அறுபது. காம்பு ஒசரம் பாத்துப் பிரிக்கணும். கட்டுக்கு இருபது பூ. வரீங்களா?"

அம்மா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டார். அப்புறம் அந்த இரண்டு பெண்களையும் பிடிக்க முடியவில்லை. அம்மா பிரிக்க, அத்தை கட்ட, கட்டியதை அம்மாவே பார்த்துப் பெட்டியில் அடுக்க, நடுவில் மாமியார் கதை, மருந்து மாத்திரைக் கதை. அப்பாவும் மாமாவும் பெட்டி தூக்கினார்கள். நான் இலை கூட்டினேன், எனக்கு அதுதான் கொடுத்தார்கள்.

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியில் பூவை அடுக்கியவர் அதன்மேல் தன் பெயரை எழுத வேண்டும். குறை வந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். லாரி வந்ததும் அத்தை மார்க்கரை அம்மாவிடம் கொடுத்தார்.

"நானா?" என்றார் அம்மா. "இத்தன வருஷத்துல ஃபேக்டரிலேர்ந்து எத்தன பெட்டி அனுப்பியிருப்பேன். ஒண்ணுலயும் எம்பேர் போட்டதில்ல."

'சரஸ்வதி, கிள்ளான்' என்று தான் அடுக்கிய ஒன்பது பெட்டியிலும் எழுதினார்.

அதன் பிறகுதான் ராகிக் களியும், தோலைப் பிதுக்கியெடுத்த அவரைக்கொட்டைக் குழம்பும் தயாராயின. களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று யாரும் சொல்லாததால் அப்பா முதல் உருண்டையைக் கால்மணி நேரம் மென்றார்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஸ்வெட்டர் கட்டாயம், காலையில் நம் மலேசியாக்காரர்களுக்குப் பல் கிட்டிப்போகும். டாக்ஸி பேசும்போதே தமிழ்நாட்டு பர்மிட்டும் சேர்த்தா என்று கேளுங்கள். ஓசூரிலிருந்து பேரிகைக்கு டவுன் பஸ்ஸில் ஒரு மணி நேரம். ஜனவரிக் கடைசியில் ரோஜாத் தோட்டக்காரர் வீட்டுக்கு விருந்துக்குப் போகாதீர்கள். வேலைக்குப் போகலாம். ஒரு வீட்டை அறிய அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

நாலாம் நாள் விமான நிலையத்தில் ஹாஸ்டல் பேச்சு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நானே தயங்கித் தயங்கி, "அடுத்த வருஷம் சீனப் பெருநாள் தள்ளி, பூ வெட்டி முடிஞ்சப்புறம்தான் வருதும்மா" என்று இழுத்தேன்.

"பெருநாள் எப்ப வந்தா என்ன?" என்றார் அம்மா. "ரத்னம்மாகிட்ட பூ என்னைக்கு வெட்டுறாங்கன்னு கேட்டுச் சொல்லு. லீவு போடணும்."