கூந்தல் வெட்டும் உரிமை

என் கணவரின் அக்கா கலோலைன், நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், தன் இடது மார்பில் கட்டி இருப்பதை முதலில் சொன்னது என்னிடம்தான். துணி மடித்துக்கொண்டே, ஏதோ பால் தீர்ந்துவிட்டது என்பதைப் போலச் சொன்னார்.

"லெசியேலி, கோலிக்குண்டு மாதிரி ஒண்ணு தட்டுப்படுது. வலி இல்ல. சாதேகி காதுக்குப் போக வேண்டாம்."

சாதேகி என் கணவர். நியூசிலாந்தில், ஆக்லாந்தின் மாங்கரே பகுதியில் பத்தொன்பது வருடமாக நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஆனால் எங்கள் டோங்கா தீவுகளின் வழக்கப்படி, அக்கா உட்கார்ந்திருக்கும் அறைக்குள் தம்பி நுழைய மாட்டார். அண்ணி டிவி பார்த்தால் இவர் சமையலறையில் இருந்துகொண்டு ரக்பி ஆட்டத்தின் சத்தத்தை மட்டும் கேட்பார். உடம்பைப் பற்றி இருவருக்கும் நடுவே ஒரு சொல் வரக்கூடாது. அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் பேச்சைச் சுமக்கிற தபால்காரி நான்.

அண்ணி இருபத்திரண்டு வயதில் டோங்காவின் வவாவு தீவிலிருந்து தனியாக ஆக்லாந்து வந்தவர். முதியோர் இல்லத்தின் சலவை அறையில் முப்பது வருடம் நின்றே வேலை பார்த்தார். தம்பியை வரவழைத்தார், படிக்க வைத்தார், எனக்குக் கட்டி வைத்தார். தனக்கென்று ஒருவரைத் தேடிக்கொள்ளவில்லை. எங்கள் மகள் ஹிங்கானோவுக்குப் பெயர் வைத்ததும் அவர்தான். அப்பாவின் அக்கா என்பதால் எங்கள் வீட்டு விசேஷங்களில் முதல் மரியாதை அவருக்குத்தான். நல்ல பாயும் பெரிய கறித் துண்டும் அவர் முன்னால் வரும். அதில் பாதி அடுத்த நாளே பக்கத்து வீடுகளுக்குப் போய்விடும்.

பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்தது. "அக்காவுக்கு ஒரு ஆபரேஷன்" என்று மட்டும் கணவரிடம் சொன்னேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. எழுந்து போய் வண்டியைக் கழுவ ஆரம்பித்தார்.

மார்பை எடுத்தார்கள். பிறகு மூன்று வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை மருந்து ஏற்ற வேண்டும், மொத்தம் ஆறு முறை. இரண்டாவது முறை முடிந்ததும் தலையணை முழுக்க முடி. வாயெல்லாம் புண். அண்ணி தலையில் துணியைக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"போதும் லெசியேலி. அடுத்த வியாழன் நான் வரல. ஊருக்குப் போறேன். அம்மா கல்லறைக்குப் பக்கத்துல ஒரு இடம் இருக்கு."

நான் அழுதேன், கெஞ்சினேன். அந்தக் கல் கரையவில்லை.

இதற்கு நடுவில்தான் ஹிங்கானோ அந்தக் காரியத்தைச் செய்தாள். வெள்ளிக்கிழமை பள்ளியில் நோயாளிகளுக்காகக் கூந்தல் தானம் செய்தார்களாம். பதினாறு வருடம் கத்தரி படாமல் இடுப்புக்குக் கீழே தொங்கிய கூந்தலைக் காது வரைக்கும் வெட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். எங்கள் பெண்கள் சாவுக்குத்தான் கூந்தலை வெட்டுவார்கள் என்பது டோங்காவில் பிறந்த எவருக்கும் தெரியும். அத்தை கண்ணில் பட்டுவிடாதே என்று அவள் தலையில் துண்டைப் போட்டு அறைக்குள் தள்ளினேன்.

ஆனால் பஸ்ஸில் எங்கள் சர்ச் சபை ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாசலில் மூன்று வேன்கள் வந்து நின்றன. கறுப்பு உடை, இடுப்பில் துக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும் கிழிந்த பெரிய பாய், கையில் சாவு வீட்டுக்குக் கொடுக்கச் சுருட்டிய பாய்கள், இரண்டு பெட்டி சேப்பங்கிழங்கு, முழுதாகச் சுட்ட ஒரு பன்றி. முன்னால் போதகரம்மா ஒப்பாரியோடு வந்தார். கதவைத் திறந்தது அண்ணி, கையில் தேநீர்க் கோப்பையோடு.

ஒப்பாரி பாதியில் அறுந்தது.

"வாங்க போதகரம்மா. யாரு போயிட்டாங்க?"

"நீதான் கலோலைன்."

"எப்போ?"

"நேத்து சாயங்காலம்."

"எனக்கு யாரும் சொல்லலையே."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். போதகரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உன் மருமகள பஸ்ல பாத்தாங்கம்மா. முடியில்ல. அத்தை போகாம அந்தப் பொண்ணு முடிய வெட்டுமா?"

ஹிங்கானோ தானாகவே வெளியே வந்து நின்றாள். அண்ணி கோப்பையைக் கீழே வைத்தார்.

"எனக்காகவாடி வெட்டின?"

"உங்களுக்குத் துணையாத்தான் அத்தை. உங்களுக்கு மட்டும் முடியில்லாம இருக்கக் கூடாதுன்னு..."

"நல்ல துணை. நான் போறதுக்கு முன்னாடியே காரியத்த முடிச்சுட்ட." அண்ணி நாற்காலியில் சரிந்தார். "சரி, ஊரே முடிவு பண்ணிருச்சு. லெசியேலி, ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு வரலன்னு சொல்லிடு. பாய்களத் திருப்பி அனுப்பாத. சீக்கிரமே தேவைப்படும்."

அப்போது நடைவழிச் சுவருக்குப் பின்னாலிருந்து என் கணவரின் குரல் வந்தது.

"லெசியேலி, அக்காகிட்ட ஒண்ணு கேளு. நான் செத்தா என் பொண்ணுக்கு முடி வெட்ட வேண்டியது யாரு?"

நான் கேட்கத் தேவையில்லை. அங்கே இருந்த அத்தனை பேருக்கும் பதில் தெரியும். செத்தவனின் பிள்ளைகளுக்குக் கூந்தல் வெட்டுவது அவன் அக்காவின் உரிமை.

"எனக்கு நாப்பத்தாறு வயசு. இன்னும் முப்பது வருஷம் இருப்பேன். அதுவரைக்கும் அவங்க இருந்தாகணும்னு சொல்லு. என் பிள்ளை தலைய வேற ஒருத்தர் தொடறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். கத்தரிக்கோல் அவங்க கையிலதான் இருக்கணும். என்ன விட்டுட்டுப் போற உரிமை அவங்களுக்கு இல்ல."

அக்கா கேட்க அவர் இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை. அண்ணி அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அதை அவர் துடைக்கவில்லை.

"லெசியேலி," என்றார் கடைசியில், சுவருக்குக் கேட்கும்படி. "அவன ஆட்டுக் கொழுப்புக் கறிய விடச் சொல்லு. தின்னுக்கிட்டே முப்பது வருஷம்னு பேசக் கூடாது."

சுவருக்குப் பின்னால் மூக்கு உறிஞ்சும் சத்தம். "விட்டுட்டேன்னு சொல்லு."

"எப்போலேருந்து?"

"இந்தப் பன்றி முடிஞ்சதுலேருந்து."

கூட்டம் வெடித்துச் சிரித்தது. போதகரம்மா இடுப்புப் பாயை அவிழ்த்து விரித்து அதன்மேல் உட்கார்ந்தார். துக்கத்துக்கு வந்த பன்றி, உயிரோடு இருந்தவர் கையால் பங்கு பிரிக்கப்பட்டது. அண்ணி வாய்ப்புண்ணோடு இரண்டு வாய் சேப்பங்கிழங்கு சாப்பிட்டார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை என் கணவர் வண்டி ஓட்ட, நானும் அண்ணியும் பின்னால் உட்கார்ந்துகொண்டோம். ஆஸ்பத்திரிக்குள் அவர் வரவில்லை. வண்டியிலேயே இருந்தார்.

"உங்களோட வேற யாராவது வந்திருக்காங்களா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"என் தம்பி வெளியே இருக்கான். உள்ள வர மாட்டான்," என்றார் அண்ணி. பிறகு வலது சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டு சொன்னார்: "அவனுக்கு முப்பது வருஷம் வேணுமாம். ஊசியப் போடும்மா."