எழுபத்தொன்றில் முடிய வேண்டிய விலை

எங்கள் இணையக் கடைத் தளத்தில் அந்தப் பொத்தான் சாம்பல் நிறத்திலிருந்து பச்சைக்கு மாறியபோது நான் கைதட்டினேன். “அமெரிக்க மாநிலங்களின் விற்பனை வரியை வசூலிக்கவும்” என்று அதன் பக்கத்தில் எழுதியிருந்தது. அழுத்தினேன், முடிந்தது. அதைச் செய்து வைத்தவர்களை இன்று நேரில் கண்டால் நாலு கேள்வி கேட்பேன். வசூலிக்கும் உரிமை உனக்கு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

கடை என்னுடையதல்ல, என் சின்னம்மாவுடையது. அம்மாவின் தங்கை. நியூசிலாந்தில், மனுரேவாவில் வீடு. வீட்டிலிருந்து ஐந்து நிமிடத்தில் ஒரு பெரிய கிடங்கு. ஊரிலுள்ளவர்கள் இணையத்தில் வாங்கிக் குவிக்கும் சாமான்களைப் பெட்டியில் அடுக்கி ஒட்டுவது அங்கே அவர் வேலை. வீட்டுக்கு வந்தால் கராஜில் தையல் மெஷின். சிறு பிள்ளைகளுக்குப் பட்டுப் பாவாடை சட்டை தைப்பார். அவர் வைக்கும் கரை ஒரு நூல்கூடக் கோணாது. நான் அப்போதுதான் படிப்பை முடித்திருந்தேன். கணக்கியலும் கணினியும் சேர்ந்த பட்டம், கை துருதுருவென்றிருந்தது. கோயிலில் பத்துக் குடும்பத்துக்கு விற்று என்ன செய்வது, அமெரிக்கா முழுக்கத் தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று நான்தான் தொடங்கி வைத்தேன்.

சின்னம்மாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை. விலை ஒன்றில் முடிய வேண்டும். ஐம்பத்தொன்று, எழுபத்தொன்று, நூற்றொன்று.

“பிள்ளையள் போடுற உடுப்பு. வட்டமாக் காசு வாங்கக் கூடாது.”

சிரித்துக்கொண்டே அப்படியே போட்டேன். அமெரிக்காவிலிருந்து முதல் விற்பனை வந்ததும் சின்னம்மா என் கைபேசியைப் பிடுங்கிப் பார்த்தார்.

“இதென்ன பிள்ளை, எழுபத்தேழு தசம் என்னவோ எண்டு கிடக்கு? நான் கேட்டது எழுபத்தொண்டெல்லோ?”

“அது வரி, சின்னம்மா. அங்க விலைக்கு மேல வரியைக் கூட்டுவினம். ஊருக்கு ஊர் வேற.”

“அப்ப ஒண்டு எங்க போச்சு?”

எனக்கும் அது பிடிக்கவில்லை. நான் வளர்ந்த இந்த ஊரில் ஒட்டியிருக்கும் விலைதான் விலை. முனையிலுள்ள டெய்ரி என்ற சின்னக் கடையில் ஒரு போத்தல் பால் வாங்கினாலும் வரி அதற்குள்ளேயே அடக்கம். எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் லின்ஃபீல்டில் எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு சின்னக் கணினி நிரல் எழுதினேன். வாங்குபவர் எந்த ஊராக இருந்தாலும் கடைசித் தொகை எழுபத்தொன்றுதான். அந்த ஊரின் வரி எவ்வளவோ அவ்வளவுக்கு உடுப்பின் விலை தானாக இறங்கிக்கொள்ளும். “கெட்டிக்காரி” என்றார் சின்னம்மா. அந்தச் சொல் அன்று எவ்வளவு இனித்தது என்று நினைக்கும்போது என் மீதே எரிச்சல் வருகிறது.

வரி என்று வந்த பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கினேன். தொடவில்லை. வருடக் கடைசியில் அந்தந்த மாநிலத்துக்கு அனுப்பலாம், எப்படி என்று பிறகு பார்க்கலாம் என்றிருந்தேன்.

பிறகுதான் பெரிய ஓடர் வந்தது. ஓரிகன் மாநிலத்தில் ஒரு நடன வகுப்பு, தீபாவளிக்கு நாற்பது பாவாடை சட்டை. பிள்ளைகளின் அளவுகளையெல்லாம் திரட்டித் தந்தவர் ஒரு தாய். மாதிரிக்கு ஒன்றை முன்பே தன் மகளுக்கு வாங்கியிருந்தார். சின்னம்மா நாற்பதுக்கும் மெரூன் பட்டை வெட்டினார். வெட்டி முடித்த கையோடு கிடங்குக்குப் போய், மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

“பதினொரு வருசமா ஆரின்ரையோ பெட்டியை ஒட்டினன். இனிக் காணும்.”

அடுத்த சனிக்கிழமை காலை அந்தத் தாயிடமிருந்து அழைப்பு. நான் கராஜில் சின்னம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஒலிபெருக்கியில் போட்டேன், நல்ல செய்தி என்று நினைத்து.

“ஏங்க, ஒண்ணு கேக்கலாமா? எங்க ஊர்ல விற்பனை வரியே கிடையாது. நான் எழுபத்தோரு டாலர் கொடுத்தேன். என் தங்கச்சி ஆத்துக்கு அந்தப் பக்கம், வாஷிங்டன் மாநிலம். அவளும் அதே டிரெஸ் வாங்கினா, அவளுக்கும் எழுபத்தொண்ணுதான். ஆனா அவ பில்லுல டிரெஸ் அறுபத்தஞ்சு சொச்சம், மீதி வரின்னு இருக்கு. அப்போ எனக்கு மட்டும் ஏங்க அஞ்சாறு டாலர் ஜாஸ்தி?”

நான் உற்சாகமாக விளக்கினேன். ஒன்றில் முடிய வேண்டும், அதனால் நிரல் என்று. அவர் சிரித்தார்.

“சாமி கணக்கா? சரிங்க. என் தங்கச்சிகிட்ட வாங்குன வரியை அந்த மாநிலத்துக்குக் கட்டிட்டீங்களா? உங்க பதிவு எண் என்ன?”

“வருடக் கடைசியில…”

“எண் இருக்கா, இல்லையா?”

“இல்லை.”

“பதிவே இல்லாம வரின்னு பேர் போட்டு வாங்குறதுக்கு எங்க ஊர்ல வேற பேருங்க.”

தையல் மெஷின் நின்றது.

அதன் பிறகுதான் சட்டத்தை ஒழுங்காக வாசித்தேன். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு வீதம், அதற்குள் மாவட்டத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று. ஆனால் எங்களைப்போல் வெளியிலிருந்து விற்கும் சின்னக் கடை, விற்பனை ஒரு பெரிய அளவைத் தொடும்வரை அந்த வரியை வாங்கவே தேவையில்லை. அந்த அளவின் வாசற்படியைக்கூட நாங்கள் மிதித்ததில்லை. பதிவு செய்யாமல் வாங்கத்தான் கூடாது. வாங்கத் தேவையில்லாத வரியை, வாங்கக் கூடாத விதத்தில் வாங்கியிருக்கிறோம். மனுரேவா கராஜில் தைக்கும் ஒரு பெண்ணை மடக்குவதற்கு இத்தனை அடுக்கா என்று மேசையில் குத்தினேன். ஆனால் ஒரே பாவாடைக்கு ஆற்றின் இரண்டு கரையிலும் இரண்டு விலை போடச் சொன்னது எந்த மாநிலமும் இல்லை. பொத்தானும் இல்லை. நான்.

இரண்டு பில்களும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அங்குள்ள தாய்மாரின் குழுவில் போடப்பட்டன. “நியூசிலாந்துக் கடை. வரித் திருட்டு. ஜாக்கிரதை.” கீழே எங்கள் தளத்திலிருந்து எடுத்த படம். பாவாடையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் சின்னம்மா. நாற்பதும் ரத்தாயின.

நான் மூன்று பக்க நீளத்தில் ஒரு பதில் எழுதத் தொடங்கினேன்.

“ஆருக்கு எழுதுறாய்?” என்றார் சின்னம்மா.

“அந்த மனுசிக்கு. ஒரு சதம்கூட நாங்கள் எடுக்கேல்லை எண்டு.”

“வாங்கினது வாங்கினதுதானே. முதல் திருப்பிக் குடு.”

“குடுக்கிறன். ஆனா கள்ளர் எண்டு சொல்லுறதை…”

“உன்னையே சொன்னவை? என்ர முகத்தையெல்லோ போட்டிருக்கு! படிச்ச பிள்ளை எண்டு உன்னட்டக் குடுத்தன். நீ எண் இருக்கோ எண்டுகூடப் பாக்கேல்லை. இப்ப மூண்டு பக்கம் எழுதுறியோ?”

மூன்று பக்கத்தையும் அழித்தேன். வரியாக வாங்கியதை எல்லோருக்கும் திருப்பி அனுப்பினோம். வரியில்லாத மாநிலத்தாருக்குக் கூடுதலாக வாங்கிய வித்தியாசத்தையும். அந்தத் தாய் “பணம் வந்துச்சு, நன்றி” என்று மட்டும் எழுதினார். குழுவில் போட்டதை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினேன். படித்துவிட்டார் என்று நீலக் குறிகள் இரண்டு விழுந்தன. இன்றும் அது அங்கேதான் இருக்கிறது, என் சின்னம்மாவின் முகத்தோடு.

திங்கட்கிழமை அவரைக் கிடங்கில் இறக்கிவிட்டு வெளியே காருக்குள் காத்திருந்தேன். எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்கப் போயிருந்தார். அரை மணி நேரத்தில் வேலைக்குப் போடும் மஞ்சள் மேலங்கியைக் கையில் சுருட்டிக்கொண்டு வந்தார்.

“ஆள் எடுத்திட்டினமாம். இனிக் கிழமைக்கு மூண்டு நாள் வேலைதான் தருவினமாம்.”

“சின்னம்மா, நான்…”

“காரை எடு.”

நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் வந்தபோது சொன்னார்.

“நாப்பது உடுப்புத் துணி வெட்டிக் கிடக்கு. ஒவ்வொண்டும் ஒவ்வொரு பிள்ளையின்ர அளவு. ஆருக்குப் பொருந்துதெண்டு நீயே போய்ப் பார்.”

போனேன். கோயில் வாசலில் நின்றேன், லின்ஃபீல்டில் வீடு வீடாக ஏறினேன், கையில் அளவு நாடாவோடு. பிள்ளைகள் நெளிந்துகொண்டு ஆங்கிலத்தில் “முடிஞ்சுதா?” என்று கேட்டார்கள். பொருந்தும் பிள்ளை கிடைத்தால் சின்னம்மா தைத்துத் தருவார். விலை ஐம்பத்தொன்று, நியூசிலாந்துப் பணத்தில். அது பட்டின் காசுக்கே காணாது.

ஒரு வீட்டில் அந்த அக்கா ஐம்பது டொலர் நோட்டை நீட்டினார்.

“வட்டமா ஐம்பதா எடுங்கோவன், தங்கச்சி. ஒரு டொலர்தானே.”

“ஐம்பத்தொண்டு.”

“என்ன, வரியோ?” என்று சிரித்தார்.

“வரி கிரி ஒண்டும் இல்லை!” நான் கத்தியதில் அவருடைய மகள் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டாள். “விலை ஐம்பத்தொண்டு. அவ்வளவுதான்.”

அவர் உள்ளே போய் ஒரு டொலர் காசை எடுத்து வந்து என் கையில் வைத்தார். மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை. காருக்கு வந்து, கேட்காததற்காக என் மீதே கோபப்பட்டேன்.

முப்பத்தொரு உடுப்புத் துணி இன்னும் கராஜில் கிடக்கிறது.