சிவப்புப் பூசிய கிணறு

வீட்டை விட்டு வெளிக்கிடும்போது "போறன்" என்று சொல்ல அம்மா விடமாட்டார். எங்கள் ஜெர்மன் அடுக்குமாடியின் மூன்றாம் தட்டிலிருந்து பாண் வாங்க இறங்கினாலும் "போட்டு வாறன்" என்றுதான் சொல்லவேண்டும். இரண்டாயிரங்களின் நடுவில், ஆராய்ச்சிக்காக முதல் தடவை வட கானாவுக்குப் புறப்பட்ட அன்று, பெட்டியோடு வாசலில் நின்று வாய்தவறி "போறன் அம்மா" என்றுவிட்டேன். அவர் முகம் கறுத்துவிட்டது. திரும்ப உள்ளே கூப்பிட்டு, கதிரையில் இருத்தி, தண்ணீர் தந்து, ஜெர்மனியில் எங்கள் ஆட்கள் கும்பிடப் போகும் ஊன்ட்றொப் கோயிலின் திருநீறு பூசி, சரியாகச் சொல்லவைத்த பிறகுதான் அனுப்பினார். கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறவளுக்கு இதெல்லாம் தேவையா என்று படி இறங்கி முடியும்வரை புறுபுறுத்தேன்.

அங்கே என் வேலை கிராமம் கிராமமாகப் போய்க் குழாய்க்கிணறுகளில் தண்ணீர் எடுப்பது. பிளாஸ்டிக் போத்தல்களில் அடைத்து ஜெர்மனிக்குக் கொண்டுவந்து சோதிப்போம். குழாயில் தேங்கி நின்றது போய்ப் புதுத் தண்ணீர் வரும்வரை கைப்பம்பியை அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். முதல் நாள் அந்தத் தண்ணீரை நான் சும்மா நிலத்தில் ஓடவிட்டேன். குடங்களோடு காத்திருந்த பெண்கள் என்னைப் பார்த்த பார்வையை மறக்க ஏலாது. அடுத்த நாளிலிருந்து அவர்களுடைய குடங்கள் நிறைந்த பிறகுதான் என் போத்தல். மத்தியானத்தில் வாகனத்தின் நிழலில் சோறு, பின்னேரம் புழுதி கழுவ ஒரு வாளித் தண்ணீர், ஏழு மணிக்கே நித்திரை.

ஒரு கிராமத்தில் பம்பிக்குப் பக்கத்து வீட்டுக்காரி என்னோடு ஒட்டிக்கொண்டார். கொஞ்சம் ஆங்கிலம் தெரியும். என்னை "சிஸ்டர்" என்பார், நான் "அக்கா" என்பேன். போனவுடனேயே சுரைக்குடுவையில் தண்ணீர் நீட்டுவார். விருந்தாளி குடித்த பிறகுதான் அங்கே பேச்சே தொடங்கும். எங்கள் குழுவில் மற்றவர்கள் தங்கள் போத்தலைக் காட்டி நாசூக்காக மறுத்துவிடுவார்கள். எனக்கு அது வராது. ஒரு வீட்டில் தண்ணீர் தந்தால் வாங்கிக் குடிக்கவேண்டும், அவ்வளவுதான்.

அக்காவுக்கு ஒரு மகள். பால்பல் விழத் தொடங்கிய வயது. அந்த ஊரின் பெரிய பிள்ளைகள் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொண்டார்கள். பற்கள் பழுப்பேறியிருந்தன. இவள் மட்டும் பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள்.

அந்தப் பற்கள் ஏன் பழுப்பேறின என்பது குளிர்காலத்தில், ஜெர்மனி ஆய்வுகூடத்தில் தெரிந்தது. அக்காவின் கிணற்றில் புளோரைட் அளவுக்கு மிஞ்சியிருந்தது. பிள்ளைகளுக்குப் பல் கெடும், வருடக்கணக்கில் குடித்தால் எலும்பையும் பிடிக்கும். அன்று பின்னேரம் அம்மாவிடம் சொன்னேன்.

"காய்ச்சிக் குடிச்சால் சரிவராதோ?"

"சரிவராது அம்மா. காய்ச்சக் காய்ச்ச இன்னும் கூடும்."

காய்ச்சலோ தடிமனோ, எந்த வருத்தத்துக்கும் காய்ச்சின தண்ணீர் என்று எங்களை வளர்த்தவர் அம்மா.

புதுக் கிணறு தோண்டலாமா என்று பேராசிரியரிடம் கேட்டேன். எங்கள் பணம் ஆராய்ச்சிக்கு மட்டும்தானாம், தோண்டுவதற்கு வேறு ஆன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதவேண்டுமாம். எழுதினேன். பதிலே வரவில்லை. நோயைக் கண்டுபிடிக்கப் பணம் இருக்கிறது, மருந்துக்கு இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அடுத்த கோடையில் திரும்பிப் போனபோது, எங்கள் அறிக்கையைப் பார்த்து, குடிக்கக்கூடாது என்பதற்கு அடையாளமாகப் பம்பிக்குச் சிவப்புப் பூசியிருந்தார்கள். கழுவ மட்டும் அது. குடிக்க, ஊருக்கு வெளியே தூரத்தில் இருந்த பழைய கிணற்றுக்கு நடக்கவேண்டும். அங்கே தண்ணீர் மிகக் குறைவு. ஆளுக்கு ஒரு சிறு குடம் கிடைத்தால் பெரிய விஷயம். அக்கா விடிய எழும்பிப் போய்க் கொண்டுவந்தார். மண்பானையில் ஊற்றி மூடிவைத்து, நான் போகும்போதெல்லாம் அதிலிருந்து எடுத்துத் தந்தார். மகளுக்கு நல்ல தண்ணீர் கிடைக்கிறதே என்று நான் நிம்மதியாகக் குடித்தேன்.

வேலை முடிய ஒரு கிழமை இருக்கையில், சொல்லாமல் ஒரு மத்தியானம் போனேன். மகள் சிவப்புப் பம்பியின் கீழே கையேந்திக் குடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே மண்பானை மூடியபடி நிறைந்திருந்தது.

"ஏன் அக்கா, அவளுக்குக் கொடுக்கவில்லையா?"

"அது உனக்கு. நீ எந்த நேரம் வருவாயோ தெரியாதே."

"நான் வராத நாளில்?"

"போய்விட்டு வருகிறேன் என்றுதானே ஒவ்வொரு முறையும் சொல்கிறாய். வருகிற ஆளுக்குத் தண்ணீர் இல்லாமல் இருக்கலாமா?"

அவளுக்கே கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவள் இந்த வீட்டுப் பிள்ளை, நீ விருந்தாளி என்று சொல்லி எனக்குத்தான் குடுவையை நீட்டினார்.

கடைசி நாள் விடைபெறப் போனேன். திட்டத்தின் பணம் முடிந்திருந்தது, இனி என்னை யாரும் அங்கே அனுப்பப்போவதில்லை. அக்கா குடுவையை நிறைத்து நீட்டி, மீண்டும் எப்போது என்று கேட்டார். பழக்கத்தில் "போய்விட்டு வருகிறேன்" என்பது நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"நான் போகிறேன் அக்கா. இனி வரமாட்டேன்."

அவர் முகமும் கறுத்துத்தான் போனது. நீட்டிய குடுவையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பிறகு மகளைக் கூப்பிட்டு அதை அவள் கையில் கொடுத்தார். அவள் மூச்சுவிடாமல் முழுவதையும் குடித்தாள்.

ஜெர்மனிக்கு வந்து சப்பாத்தைக் கழற்றமுன்னரே அம்மா கேட்டார்.

"அந்தத் தண்ணி தந்த அக்காவிட்டைச் சொல்லிப்போட்டு வந்தனியோ?"

"ஓம் அம்மா, சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்."

என்ன சொன்னேன் என்று அவரிடம் சொல்லவில்லை.