என் லட்சியத்தை எழுதிய பேனா

பழிவாங்கத்தான் அந்த நாவலை எழுதினேன். இளையோருக்கான நாவல், தனிமனித சுதந்திரத்தின் குரல், எதிர்காலத்துக்கான எச்சரிக்கை என்று பின்னட்டையில் இருப்பதெல்லாம் பதிப்பாளர் எழுதியது. எனக்கு வேண்டியது வேறு. ஒரே ஒரு ஆள் அதைப் படிக்க வேண்டும், அதில் தன்னைப் பார்க்க வேண்டும், அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கக் கூடாது.

அந்த ஆள் நான் படித்த உறைவிடப் பள்ளியின் தாளாளர். பள்ளி கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவில் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. பேரிகைப் பக்கம் தக்காளியும் குடைமிளகாயும் போட்டுக்கொண்டிருந்த என் அப்பா, ஆறாம் வகுப்பில் என்னை அங்கே கொண்டுபோய் விட்டார். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், தெருவில் தமிழ் என்று மூன்று பாஷையில் வாயாடிக்கொண்டிருந்தவள் நான். அங்கே போனதும் மூன்றிலும் வாயை மூடக் கற்றுக்கொண்டேன்.

தாளாளர் கத்த மாட்டார், அடிக்க மாட்டார். தேய்த்த வெள்ளைச் சட்டை, வாயில் ஏலக்காய், சட்டைப் பையில் ஒரு பேனா. காலையில் பிரேயருக்கு நாங்கள் மைதானத்தில் நின்று சலசலத்துக்கொண்டிருப்போம். அவர் மைக் முன்னால் வந்து பேனாவை எடுத்து, டக் டக் என்று இரண்டு முறை அமுக்குவார். மைதானம் மொத்தமும் அடங்கிவிடும். எனக்கு இருமல் வந்தால்கூட விழுங்கிக்கொள்வேன்.

பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கித் தொலைத்தேன். ரிசல்ட் வந்த வாரமே சூளகிரி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் பெரிய ஃப்ளெக்ஸ் பேனர் வைத்தார்கள். எங்கள் சிலருடைய முகம், முகத்துக்குக் கீழே மார்க், அதற்கும் கீழே 'என் லட்சியம்' என்று ஒரு வரி. என்னுடையது: 'டாக்டராகி ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்ப்பேன்.'

நான் அப்படி யாரிடமும் சொன்னதில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. எனக்கு அப்போது லட்சியம் என்று எதுவுமே கிடையாது. லீவு முழுக்கத் தூங்க வேண்டும், யாராவது ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தால் தேவலை. பதினைந்து வயதில் லட்சியம் இல்லாமல் இருக்கவும் ஒருத்திக்கு உரிமை உண்டுதானே?

அப்பா பேனருக்குக் கீழே நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"நான் அப்டிலாம் சொல்லவே இல்லப்பா."

"சொல்லலன்னா இன்னாம்மா? உன்னைப் பத்தி எதுவும் தெரியாமயா எழுதியிருப்பாரு?"

பள்ளிக்குப் போய்த் தாளாளரிடமே சொன்னேன். அந்த அறையில் நான் எதிர்த்துப் பேசியது அது ஒரு தடவைதான். அவர் சிரித்தார். பேனாவை ஒரு தடவை அமுக்கினார்.

"உனக்கு என்ன வேணும்னு உனக்கே தெரியாத வயசும்மா இது. அதுக்குத்தானே நாங்க இருக்கோம்."

அதற்குப் பிறகு என் வாழ்க்கை அந்த பேனர் எழுதிய வாழ்க்கை. இரண்டு வருடம் உயிரியல். அதன்பின் நீட், மறுபடியும் நீட். இரண்டிலும் தேறவில்லை. பேனர் மழையில் கிழிந்து போனது, ஆனால் ஊர்க்காரர்கள் அதை மறக்கவில்லை. சந்தையில் கீரை விற்கிற அம்மாகூட, "டாக்டரம்மா, இடுப்பு வலிக்குது, ஒரு ஊசி போடேன்" என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அப்பா சந்தைக்கு என்னைக் கூட்டிப் போவதையே விட்டுவிட்டார். அதற்கும் நான் தாளாளர் மேல்தான் கோபப்பட்டேன், இன்றைக்கும் படுகிறேன்.

கடைசியில் தபால்வழியில் ஒரு பட்டம் வாங்கி, ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலையில் சேர்ந்தேன். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் செல்போனிலேயே நாவலை எழுதினேன். மதில் சூழ்ந்த ஒரு நகரம். பதினைந்து வயதானால் ஒவ்வொரு பிள்ளையின் கழுத்திலும் ஒரு தகடு மாட்டுவார்கள். அந்தப் பிள்ளை எதற்கு ஆசைப்படுகிறது என்று தகட்டில் அதிகாரி எழுதுவார். என் கதாநாயகி தன் தகட்டைக் கல்லில் தேய்த்து அழிக்கிறாள். அதிகாரிக்கு நான் வெள்ளைச் சட்டை கொடுத்தேன், ஏலக்காய் கொடுத்தேன், பேனா கொடுத்தேன், அந்த டக் டக்கையும் கொடுத்தேன். 'உனக்கு என்ன வேணும்னு உனக்கே தெரியாத வயசும்மா இது' என்பதை ஓர் எழுத்துகூட மாற்றாமல் அவர் வாயில் வைத்தேன்.

புத்தகம் வந்ததும், என்ன ஒரு கற்பனை என்று விமர்சனம் எழுதினார்கள். டிஸ்டோப்பியன் நாவலாம். எதிர்காலத்தில் இப்படி ஒரு கொடுங்கோல் உலகம் வரக்கூடுமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. பஸ் ஏறி வந்தால் நானே காட்டியிருப்பேன்.

ஒரு நாள் தாளாளரே போன் செய்தார். நான் காத்திருந்த போன். கெஞ்சுவாரா, மிரட்டுவாரா என்று போனைக் காதில் அழுத்தி வைத்துக்கொண்டேன்.

"நம்ம பொண்ணு எழுத்தாளர் ஆயிருக்கே, ஒரு வார்த்தை சொல்லலையேம்மா! படிச்சேன். அந்த அதிகாரி இருக்கானே, அப்பப்பா! இப்படியும் ஆளுங்க இருக்கத்தாம்மா செய்றாங்க. ஆண்டு விழாவுக்கு நீதான் சிறப்பு விருந்தினர். பிள்ளைங்க எல்லாருக்கும் உன் புத்தகத்தைப் பாடமாவே வச்சிட்டேன்."

அவருக்கு உறைக்கவே இல்லை. வர மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு அவர் முகத்தை நேரில் பார்க்க வேண்டியிருந்தது. மேடையில் நின்று எல்லாவற்றையும் போட்டு உடைப்பது என்று வசவுகளைத் தயார்செய்துகொண்டு போனேன்.

சூளகிரி மேம்பாலத்துப் பக்கம், அதே இடத்தில், புது பேனர். அதில் என் முகம் மட்டும். 'என் லட்சியம் எழுத்தாளர் ஆவது. நிறைவேற்றித் தந்தது என் பள்ளி.' அதே ஆள் என் முகத்துக்குக் கீழே இரண்டாவது தடவை எழுதியிருக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விழா தொடங்கும் முன்பு தமிழாசிரியை என்னை ஒன்பதாம் வகுப்புக்குக் கூட்டிப் போனார். "தனிமனித சுதந்திரம் பற்றி ஆசிரியர் கூறும் ஐந்து கருத்துகள் யாவை?" என்று கேட்டார். வகுப்பு மொத்தமும் எழுந்து நின்று ஒரே குரலில் ஒப்பித்தது. அந்த ஐந்தில் ஒன்றைக்கூட நான் சொன்னதில்லை.

"சொந்த நடையில எழுதினா மார்க் போயிடும்னு சொல்லியிருக்கோம் மேடம். முக்கியமான பக்கமெல்லாம் வரிக்கு வரி மனப்பாடம்" என்றார் பெருமையாக.

கையெழுத்து வாங்க வரிசையில் வந்த ஒரு பெண், நன்றாக எண்ணெய் வைத்து ரெட்டைச் சடை போட்டவள், என் காதருகே குனிந்தாள். "மேம், அந்த அதிகாரி எங்க..." என்று ஆரம்பித்து, ஆசிரியையைப் பார்த்துவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் மட்டும் சிரித்தது. பின்னால் நின்ற இரண்டு பேருக்கும் தோள் குலுங்கியது.

ஆக, பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். தயார்செய்து வந்த வசவெல்லாம் எனக்குத் தேவையில்லை என்று தெரிந்தது.

மேடையில் தாளாளர் என்னைப் புகழ்ந்து முடித்து முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் மைக்கைப் பிடித்து, பேச்சு வேண்டாம், நாவலில் ஒரு பக்கம் மட்டும் வாசிக்கிறேன் என்றேன். அதிகாரி ஊர் மக்களிடம் பேசும் பக்கம். அவருடைய குரலிலேயே வாசித்தேன். அதே தணிந்த குரல், நடுநடுவே ஏலக்காயை ஒதுக்கிக்கொள்ளும் அதே இடைவெளி. ஏழு வருடம் தினமும் கேட்ட குரல், எனக்கு வராமல் போகுமா?

முதலில் முன்வரிசை ஆசிரியர்கள் தரையைப் பார்த்தார்கள். பெண்கள் பக்கம் எங்கோ ஒரு 'புர்ர்'. 'உனக்கு என்ன வேணும்னு உனக்கே தெரியாத வயசு' என்று நான் சொன்னதும் பையன்கள் பக்கமும் உடைந்தது. மைதானம் முழுக்கச் சிரிப்பு. தாளாளரும் சிரித்தார். பக்கத்து நாற்காலிக்காரரிடம், "எப்படி வாசிக்குது பாருங்க" என்றார். அப்புறம்தான் கவனித்தார். பிள்ளைகள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் சிரிப்பு நின்றது. நான் வாசித்துக்கொண்டிருந்தேன்.

"கூட்டம் அடங்கவில்லை. அதிகாரி மைக்கை நோக்கி நடந்தார். சட்டைப் பைக்குள் கையை விட்டார்."

அத்தோடு புத்தகத்தை மூடிவிட்டேன். அடுத்த வரி பிள்ளைகளுக்குத் தெரியும். மனப்பாடம் செய்ய வைத்தவர் அவரேதான். அவர் எழுந்து மைக்கை நோக்கி வந்தார். நான் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டேன். அவர் கை தானாகச் சட்டைப் பைக்குள் போயிற்று.

டக், டக்.

ஸ்பீக்கர் எல்லாவற்றிலும் கேட்டது. மைதானம் அதிர்ந்தது. பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். சமையற்கட்டிலிருந்து வந்து நின்ற அக்காக்களும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அவர் இன்னொரு தடவை அமுக்கினார். சிரிப்பு இன்னும் பலத்தது. பேனாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் காது இரண்டும் சிவந்து போயிருந்தன. அந்தப் பார்வைக்காகத்தான் நான் ஒரு நாவலே எழுதியிருந்தேன். கண்ணை எடுக்காமல் திருப்பிப் பார்த்தேன். அவர் மறுபடி பேனாவை அமுக்கவில்லை.

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கியதா என்று எனக்குத் தெரியாது. எனக்கு நன்றாக இறங்கியது.